சாகா நடத்திய பள்ளிக்கூடம்

மலேசியாவில் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குப் போனாலும் போமேன் என்று அழைக்கப்படும் ஒரு மெக்கானிக்கைப் பற்றிய புகழ் காதில் விழும். பானெட்டைத் திறக்கும் முன்பே காரின் நோயைச் சொல்லிவிடுவார், எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்பதைப் புகைக்குழாய் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், அவர் கை பட்டால் இருபது வயது வண்டியும் ஓடும் என்பார்கள். பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் பாருவும் இதற்கு விலக்கல்ல. இந்தப் புகழில் பொய் இல்லை. ஆனால் கைராசி, பிறவி ஞானம், தொழில் பக்தி என்று அதற்கு ஊர் சொல்லும் காரணங்கள் போதாதவை. கைராசி ஒரு மனிதருக்கு வாய்க்கலாம். ஒரே தலைமுறையில், ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் இத்தனை பேருக்கு எப்படி வாய்த்தது? பழைய கார்களின் கோளாறைக் கண்டறியும் திறன் பாயான் பாரு போன்ற ஊர்களில் பரவியதற்கு முதற்காரணம், ஒரே மாதிரியான கார்கள் ஒரே காலத்தில் அங்கே குவிந்ததுதான். ஒரு பழுதை ஒரு முறை பார்ப்பவர் குழம்புகிறார். அதையே நூறு முறை பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்கிறார். அந்த நூறு வாய்ப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தது 1985இல் மலேசியாவின் தேசியக் காராக வந்த புரோட்டோன் சாகா. நாட்டைத் தொழில்மயமாக்கும் பெரிய கனவோடு தொடங்கிய திட்டம், யாரும் எதிர்பாராத வகையில் பழுது பார்க்கும் அறிவை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது.

சாகாவுக்கு முந்தைய நிலையை முதலில் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் மலேசிய அரசு முழுக்கார்களை இறக்குமதி செய்வதைக் குறைத்து, உதிரிகளாகக் கொண்டுவந்து உள்நாட்டில் பொருத்தும் ஆலைகளை ஊக்குவித்தது. 1967இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை வந்தது; அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் பதினொரு ஆலைகள், இருபதுக்கும் மேற்பட்ட பிராண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்களைப் பொருத்திக்கொண்டிருந்தன. வாங்குபவருக்கு அது பெரிய விருந்து, பட்டறைக்கோ பெரிய தலைவலி. காலையில் மோரிஸ் மைனர், பத்து மணிக்கு டட்சன் 120ஒய், மதியம் ஃபோர்டு எஸ்கார்ட், மாலையில் பூஜோ என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு கார்புரேட்டர், வேறு டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பேனர் அளவிலேயே அங்குலமா மில்லிமீட்டரா என்ற வித்தியாசம். ஒரு மாடலில் கண்ட பழுது இன்னொன்றைத் திறக்கும்போது முழுதாகத் துணைக்கு வராது. அறிவு சேரத்தான் செய்தது. ஆனால் அது மெதுவாக, ஒரு சில மூத்தவர்களின் தலைக்குள் மட்டும் சேர்ந்தது.

சேர்ந்த அறிவை அடுத்தவருக்குக் கொடுக்கும் வழியும் குறுகலாகவே இருந்தது. பினாங்கின் பட்டறைகள் பெரும்பாலும் சீனக் குடும்பங்களின் கையில் இருந்தன. பையன் சிறு வயதில் சேர்வான். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான், டயர் மாற்றுவான். எஞ்சினில் கை வைக்க ஆண்டுகள் ஆகும். மலேசிய மோட்டார் வணிகத்தின் பெரும்புள்ளிகளில் ஒருவரான லோ பூன் சியூ இந்த வழியில் வந்தவர்தான். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்து, மெக்கானிக் வேலை கற்று, பேருந்துகளைக் கழுவிக் காசு சேர்த்து, பிறகு பேருந்து முதலாளியானார். 1958இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களின் விநியோக உரிமையைப் பெற்றார். அவர் வாழ்க்கை அந்த முறையின் பலத்தையும் காட்டுகிறது, அதன் நிபந்தனையையும் காட்டுகிறது. உறவோ மொழியோ உள்ளே அழைத்துப்போக வேண்டும். நீண்ட காலம் பொறுத்திருக்க வேண்டும். ஹொக்கியன் சீனம் பேசத் தெரியாத, பட்டறைக்குள் சொந்தம் இல்லாத தமிழ்ப் பையனுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. தோட்டத்தில் டிராக்டரும் லாரியும் ஓட்டிப் பழகியவர்கள் தமிழரில் நிறையப் பேர் இருந்தார்கள். நகரத்துப் பட்டறையில் போமேனாக நின்றவர்கள் குறைவு.

இனி ஊர். பினாங்கு 1969இல் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கி, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் பகுதியில் 1972இல் தீர்வையற்ற தொழிற்பேட்டையைத் தொடங்கினார். இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, ஏஎம்டி, லிட்ரோனிக்ஸ், ராபர்ட் போஷ், கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. இவற்றில் கடைசி இரண்டும் காரில் வைக்கும் ரேடியோ செய்தவை என்பது இக்கதைக்குப் பொருத்தமான தகவல். அந்தத் தொழிற்பேட்டைக்குத் துணையாக எழுந்த புது நகரமே பாயான் பாரு. வயலும் தென்னையும் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், சந்தை, ஜாலான் மாயாங் பாசிர், பெர்சியாரான் மாசூரி என்று திட்டமிட்ட தெருக்கள் வந்தன. மாதச் சம்பளம் வாங்கும் இளம் குடும்பங்கள் குடிவந்தன. தோட்டங்களையும் கிராமங்களையும் விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. ஆலைப் பேருந்து ஷிப்டு வேலைக்குப் போதுமானது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஜார்ஜ்டவுனில் உள்ள பெற்றோரைப் பார்த்து, ஞாயிறன்று பட்டர்வொர்த்துக்குப் போய்வர வேண்டிய குடும்பத்துக்கு அது போதவில்லை. கார் இங்கே ஆடம்பரமாக வரவில்லை, வீட்டுக் கடனுக்கு அடுத்த கடனாக வந்தது.

அந்தக் கடன் எந்தக் காருக்குப் போகும் என்பதை 1985 முடிவு செய்தது. 1983 மே மாதம் பதிவான புரோட்டோன் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து, லான்சர் ஃபியோரே என்ற மாடலை அடிப்படையாக வைத்து சாகாவை உருவாக்கியது. 1985 ஜூலை 9இல் அறிமுக விழா. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 3இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்த பிரதமர் மகாதீர், ஒரு சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். செப்டம்பரில் பாலம் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் தீவுப்பக்க முனையிலிருந்து பாயான் பாரு சில நிமிடத் தூரம். இறக்குமதிக் கார்கள் மீது விலையைக் காட்டிலும் கூடுதலான வரி, சாகாவுக்கு வரிச்சலுகை என்ற ஏற்பாட்டில் போட்டி சீக்கிரமே முடிந்துபோனது. 1986 நடுவிலேயே விற்பனையான 1600 சி.சி.க்குக் குறைந்த கார்களில் பாதிக்கும் மேல் சாகா. 1989 ஜனவரியில் ஆலையிலிருந்து ஒரு இலட்சமாவது சாகா வெளிவந்தது. 1992இல் இஸ்வாரா, 1993இல் விரா. மாடல் மாறியதே தவிர, விராவின் 1.3, 1.5 வகைகளிலும் சாகாவில் இருந்த அதே மிட்சுபிஷி குடும்பத்து எஞ்சின்தான். முதல் சாகாவின் வழிவந்த கார் 2008இல்தான் நிறுத்தப்பட்டது. 1994இல் பெரோடுவா நிறுவனத்தின் கஞ்சில் வந்தபோது அதுவும் ஒரே மாடலாகத் தெருக்களை நிறைத்தது: டைஹாட்சு மீராவிலிருந்து வந்த 660 சி.சி., பிறகு 850 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின்கள். ஆக, சாகா வந்து இருபது ஆண்டுக் காலம் பாயான் பாருவின் ஒரு சாதாரணப் பட்டறை, இரண்டு மூன்று எஞ்சின் குடும்பங்களைத் தெரிந்து வைத்திருந்தாலே வாசலில் நிற்கும் பெரும்பாலான வண்டிகளைப் பார்த்துவிட முடியும் என்ற நிலை வந்தது.

இந்த ஒருமை கோளாறு கண்டுபிடிப்பில் என்ன செய்தது என்பதைக் கார் சூடேறும் பழுதில் தெளிவாகக் காணலாம். வெயிலும் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்த தீவு. மாலை நேரத்தில் சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் ஊர்ந்து போக வேண்டும். விடுமுறையில் பாலிக் புலாவுக்கு துன் சர்டோன் சாலையில் மலையேற வேண்டும். “அண்ணே, மீட்டர் மேல ஏறுது” என்று வருபவரிடம் தேர்ந்த போமேன் கேட்கும் முதல் கேள்வி, நெரிசலில் நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா என்பது. அந்த ஒரு கேள்வி சந்தேகத்துக்கு உரியவற்றைப் பாதியாக வெட்டிவிடும். நிற்கும்போது மட்டும் ஏறினால் குற்றம் காற்றில்: ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள மின்விசிறி சுழலவில்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் சுழல்கிறதா? சுழன்றால் மோட்டார் நல்லது; வெப்பம் அறிந்து அதை இயக்கும் சுவிட்சோ ரிலேயோதான் செத்திருக்கும். ஓடும்போதும் மேடேறும்போதும் ஏறினால் குற்றம் தண்ணீரின் ஓட்டத்தில்: ரேடியேட்டர் உள்ளே துரு அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கும், அல்லது தண்ணீர் பம்பு தேய்ந்திருக்கும். இரண்டிலும் அடங்காமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்ப்பார். நிற்காமல் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற நுரை இருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கலாம். இரண்டும் ஒருசேரக் கண்டால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அலுமினிய ஹெட்டைக் கழற்றி, கோணியிருந்தால் சமன் செய்ய அனுப்ப வேண்டும்.

இந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொரு படியும் எல்லா நாட்டு நூல்களிலும் உண்டு. நூலில் இல்லாதது, எந்தப் படியில் தொடங்குவது என்ற அறிவு. இந்தக் காரில், இந்த வயதில், இந்த ஊரில் பத்துக்கு எத்தனை முறை விசிறி, எத்தனை முறை கேஸ்கெட் என்ற கணக்கு, ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பத் திறந்தவர் மனதில் மட்டுமே உருவாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மந்திரமாகத் தோன்றுகிறது. கேட்ட மாத்திரத்தில் பதில் வருகிறதே! உண்மையில் அது தொகுத்த அனுபவத்தின் வேகம். கிராமத்து மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்தே குழந்தையின் கிடையைச் சொன்னதும் இதே வகை அறிவுதான்.

புகையைப் படிப்பதும் அப்படியே. கறும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. கார்புரேட்டர் காலத்தில் சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டால் இப்படி ஆகும், ஸ்பார்க் பிளக்கின் முனையில் கரி படிந்து அதை உறுதி செய்யும். விடாத வெண்புகை என்றால் உள்ளே தண்ணீர் ஆவியாகிறது. நீலப்புகை என்றால் எண்ணெய். இங்கேதான் காசு விஷயம் வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் சிக்னலில் நின்று கிளம்பும்போதும் மட்டும் ஒரு குபீர் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டைச் சுற்றிய ரப்பர் சீல்கள் காய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அழுத்தி ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்க வேண்டும். முன்னதற்குச் சில்லறைச் செலவு, பின்னதற்கு எஞ்சினையே பிரிக்கும் ஓவர்ஹால். தவறாகச் சொன்னால் ஆலைத் தொழிலாளியின் பல மாதச் சேமிப்பு போய்விடும். எனவே ஐயம் தீரக் கம்ப்ரஷன் மீட்டரைப் பிளக் துவாரத்தில் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். ஒன்று குறைவாகக் காட்டினால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் எண்ணெய் வளையத்தின் இடைவெளியை அடைத்திருக்கிறது, குற்றம் வளையத்தில். உயராவிட்டால் கசிவு மேலே, வால்வில். சீல் மட்டுமே குற்றவாளி என்றால் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றும் வழியும் உண்டு. பிளக் துவாரம் வழியாக நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே திணித்து, பிஸ்டனைக் கையால் மேலே ஏற்றினால், நசுங்கிய கயிறு வால்வுகளை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும். வால்வு கீழே விழாமல் ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம். ஒரு கயிற்றுத் துண்டு, கேஸ்கெட்டையும் அரை நாள் கூலியையும் மிச்சப்படுத்துகிறது.

ஒருமையின் இன்னொரு பலன் உதிரிபாகத்தில் விளைந்தது. பழைய பாகம் என்றால் வெறும் சிக்கனம் என்று நினைப்பது தவறு. அது கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும்கூட. வண்டி சூடான பிறகு நின்றுபோகிறது, ஆறிய பிறகு கிளம்புகிறது. இக்னிஷன் காயிலா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரா, பெட்ரோல் பம்பா? பரிசோதனை மேசையில் எல்லாம் நன்றாகவே இருக்கும், சூடானால்தான் தோற்கும். சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்ப்பதுதான் இதற்கு நம்பகமான வழி. அதற்கு அலமாரியில் அதே பாகம் இருக்க வேண்டும். நூறு மாடல்கள் ஓடிய காலத்தில் எந்தப் பட்டறை அப்படி அடுக்கி வைக்க முடியும்? சாகாவும் விராவும் கஞ்சிலும் ஓடிய காலத்தில் முடிந்தது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் ஒரு பக்கம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி எஞ்சினும் கியர்பாக்சுமாகக் கப்பலில் வந்த ‘ஹாஃப் கட்’ இன்னொரு பக்கம். லான்சரின் எஞ்சின் சாகாவிலும் விராவிலும், மீராவின் எஞ்சின் கஞ்சிலிலும் பெரிய மாற்றமின்றி உட்கார்ந்தன. ஒரே மூலத்திலிருந்து பிறந்த கார்கள் என்பதால் கடல் கடந்தும் பாகம் பொருந்தியது.

இதற்கு முதல் மறுப்பு வரலாற்றிலிருந்தே வரும். சாகாவுக்கு முன்பே பினாங்கில் மகா கெட்டிக்கார மெக்கானிக்குகள் இருந்தார்களே, பல பிராண்டுகளைப் பார்த்ததால் அவர்கள் அறிவு இன்னும் ஆழமாக இருந்ததே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மோரிஸையும் பூஜோவையும் டட்சனையும் ஒரே கையால் பழுது பார்த்தவர் எஞ்சினின் அடிப்படைத் தத்துவத்தைப் பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே விளக்க வேண்டியது அறிவின் உச்சம் அல்ல, அதன் பரவல். பல மாடல்களைக் கற்றுத் தேர நீண்ட காலம் பிடித்ததால், அதைத் தாங்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே தேறினார்கள். எஞ்சின் ஒன்றாகிப் பாகம் மலிவானபோது, கற்றுக்கொள்ளும் காலம் சுருங்கியது. தவறு செய்தால் ஏற்படும் நட்டமும் சுருங்கியது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற பையன், உறவின் துணை இல்லாமலே, சில ஆண்டுகளில் தானே கடை போடலாம் என்று நினைக்க முடிந்தது. தமிழ், மலாய் இளைஞர்கள் இத்தொழிலில் கால் ஊன்ற அது வழி விட்டது. தொழிற்பயிற்சிக் கூடங்களும் இக்காலத்தில் வளர்ந்தன. திறன் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தத் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் 1989இல் அமைந்தது, அதே ஆண்டு பாயான் லெப்பாஸில் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. சான்றிதழ் மட்டும் வந்து, வாசலில் நூறு மாடல்கள் நின்றிருந்தால், அந்தச் சான்றிதழுக்குப் பயன் குறைவாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரத்திலிருந்து வருவது, கனமானதும்கூட. மக்கள் பழைய காரை வைத்துக்கொண்டு மாரடித்தது புதிய கார் விலை உயர்ந்திருந்ததால்தானே? அந்த விலையை உயர்த்தியது தேசியக் காரைக் காப்பாற்றிய வரிதானே? நோயைக் கொடுத்தவருக்கே மருந்தின் பெருமையையும் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டியதில்லை. வரிச் சுவரின் சுமை நடுத்தரக் குடும்பத்தின் மீது விழுந்தது உண்மை. பட்டறை அறிவு அந்தச் சுமைக்கு ஈடாகாது. யாரும் அதைத் திட்டமிடவும் இல்லை. ஆனால் திட்டமிடாத விளைவு என்பதாலேயே அது கணக்கில் வராமல் போவதுதான் சிக்கல். 2009 மார்ச்சில் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அரசு, பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த வாகனக் கொள்கைத் திருத்தம், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்கள் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்றது. மக்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பில் அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது. அந்த விவாதத்தில் ஒரு பக்கம் சாலைப் பாதுகாப்பையும் புகையையும் பேசியது, மறுபக்கம் ஏழையின் வயிற்றைப் பேசியது. இரண்டுக்கும் நடுவில் நின்றது பட்டறை. பழைய கார் ஆபத்தானதா என்பது அதன் வயதைவிட, அது யார் கையில் பராமரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. தேய்ந்த பிரேக்கோடு ஓடும் ஏழு வயது வண்டியைவிட, நல்ல போமேன் பார்த்துக்கொள்ளும் இருபது வயது வண்டி மேல். பரிசோதனை வேண்டாம் என்பதற்கு இது வாதமாகாது. பரிசோதனையும் பட்டறையும் ஒன்றை ஒன்று சார்ந்தவை என்பதற்கே வாதம்.

மூன்றாவது மறுப்புதான் என் வாதத்தின் ஆணிவேரைத் தொடுகிறது. திரும்பத் திரும்பச் செய்வது அறிவை மட்டுமா வளர்க்கும்? தவறான பழக்கத்தையும் வளர்க்குமே? வளர்த்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் அதற்குக் கண்கூடான சான்று. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, பிறகு திறப்பது அதன் வேலை. குளிர்நாட்டுக்குத்தான் இது வேண்டும், நம்முடைய வெயிலுக்கு எதற்கு என்று பட்டறைகள் முடிவு கட்டின. மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டால் சூடேறிய கார்களைப் பலமுறை பார்த்த அனுபவம் அந்த முடிவுக்கு வலு சேர்த்தது. கார்புரேட்டர் காரில் அதன் தீமை வெளியே தெரியவில்லை. கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஎஃப்ஐ எஞ்சின்கள் 1990களில் பரவியபோது கதை மாறியது. நெடுஞ்சாலைக் காற்றில் தண்ணீர் உரிய வெப்பத்தை எட்டாது. வெப்ப உணரி எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும். கணினி குளிர் எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் செலவு கூடும், பிளக் கறுக்கும். வண்டிக்காரர் அதே பட்டறைக்கு வந்து பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று முறையிடுவார். பழைய மருந்து புதிய நோயானது இப்படித்தான். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரையும் அலுமினிய ஹெட்டையும் அரிக்கவிட்டதும் இதே வகைதான். எனவே வாதத்தை இப்படித் திருத்திச் சொல்ல வேண்டும்: ஒருமை எது அடிக்கடி நடக்கிறது என்பதைக் கற்றுக்கொடுத்தது, ஏன் நடக்கிறது என்பதைத் தானாகக் கற்றுக்கொடுக்கவில்லை. முதலாவதை மட்டும் வைத்திருந்தவர் இயந்திரம் மாறியதும் தடுமாறினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர் புது எஞ்சினையும் பார்த்தார்.

இனி இன்றைய கேள்வி: ஸ்கேனர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு? கார்களே தம் பழுதைச் சொல்லும் ஏற்பாட்டை 1988 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியா கட்டாயமாக்கியது. 1996இல் அமெரிக்கா முழுவதும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓபிடி-2 முறை வந்தது. அதன் வழியே இன்று மலிவான ஒரு கருவியும் கைப்பேசியும் இருந்தால் யாரும் குறியீட்டைப் படிக்கலாம். ஆனால் குறியீடு சொல்வது அறிகுறியைத்தான். பி0171 என்று வந்தால் எரிகலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். காற்றுக் குழாயில் விரிசலா, பெட்ரோல் பம்பு பலவீனமா, இன்ஜெக்டர் அடைப்பா, காற்றை அளக்கும் உணரியில் அழுக்கா என்று கருவி சொல்லாது. குறியீட்டைப் பார்த்தவுடன் ஆக்சிஜன் உணரியை மாற்றிக் காசை விடுபவர்கள் உண்டு. நான்கு காரணங்களில் எதில் தொடங்குவது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதிலும் பழையபடியே, இதே மாடலில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்ற தொகுப்பிலிருந்துதான் வருகிறது. 2005இல் வந்த பெரோடுவா மைவி இன்று அந்தப் பாடத்தை நடத்துகிறது. அதன் முதல் தலைமுறை 1.3 எஞ்சின் டொயோட்டா அவன்ஸாவிலும் இருந்தது. தாமான் தோறும் மைவி நிற்பதால் அதன் பழுதுகளும் தாமான் தோறும் தெரிந்திருக்கின்றன. பழைய சாகா போன இடத்தில் மைவி உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாதத்துக்குக் கிடைத்த இரண்டாவது சான்று.

அப்படியானால் இந்த அறிவுக்கு ஆபத்து ஸ்கேனரிடமிருந்து வரவில்லை. ஆபத்து இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஒன்று, ஒருமை குலைவது. 2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. டர்போ, ஹைபிரிட், மின்சாரம் என்று மாடல்கள் மறுபடி பல்கிப் பெருகுகின்றன, ஆயுளும் சுருங்குகிறது. ஒரு பழுதை நூறு முறை பார்க்கும் வாய்ப்பு பட்டறைக்குக் குறைகிறது. மற்றொன்று, திறக்க முடியாத பாகங்கள். ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றிய காலம் போய், முழுத்தொகுதியாக மாற்று என்ற காலம் வந்துவிட்டது. மென்பொருளின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. வெளிநாடுகளில் பழுது பார்க்கும் உரிமைக்காகச் சட்டம் கேட்பவர்கள் கேட்பது இதைத்தான். அந்தக் கோரிக்கை மலேசியாவுக்கும் பொருந்தும், இன்னும் கூடுதலான நியாயத்தோடு பொருந்தும். இங்கே பல்லாயிரம் சிறு பட்டறைகளின் பிழைப்பு அதில் இருக்கிறது.

வரலாற்றிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுக்கலாம். கைராசிதான் காரணம் என்று நம்பினால், மூத்த போமேன் கடையை மூடும்போது பெருமூச்சு விடுவதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. தொகுத்த அனுபவமே காரணம் என்று ஏற்றால் செய்ய வேண்டியது தெளிவாகிறது: தொகுப்பைத் தலைகளிலிருந்து தாளுக்குக் கொண்டுவர வேண்டும். எந்த மாடலில், எத்தனை கிலோமீட்டரில், என்ன பழுது, எதைச் சந்தேகித்தோம், கடைசியில் எது என்று ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி எழுதி வைக்கும் பட்டறை, பத்து ஆண்டில் எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இல்லாத நூலைச் சேர்த்துவிடும். தொழிற்பயிற்சிக் கூடங்கள் எஞ்சினின் தத்துவத்தோடு இந்தப் பழுதுக் கதைகளையும் பாடமாக வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் கதையை எச்சரிக்கையாகவும் வைக்க வேண்டும். சாகாவின் காலத்தில் ஒருமை அந்த அறிவை இலவசமாக, எழுத்தின் உதவியில்லாமலே பரப்பியது. கார்கள் பலவாகப் பிரியும் காலத்தில் அது தானாகப் பரவாது. ஒரு பட்டறை தனியாகப் பார்க்க முடியாத நூறு பழுதுகளைப் பத்துப் பட்டறைகள் சேர்ந்து பார்க்க முடியும், குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டால்.